மூன்று மணி பஸ்ஸும் எட்டாவது பீரியடும்

சேசு மரி சூசை துணை
12.10.1996

அன்பு மகள் பவுலினுக்கும் மாப்பிள்ளை பிரான்சிஸுக்கும் அப்பா சவரிராயன் சொல்லச் சொல்ல எதிர்வீட்டு அன்புச்செல்வி எழுதுவது. நானும் உன் அம்மாவும் உன் மகள் ஜாக்குலினும் மாதா புண்ணியத்தில் சுகமாயிருக்கிறோம், பிலாயில் நீங்கள் சுகமாயிருக்க தினமும் ஜெபமாலையில் உங்கள் பெயரைச் சொல்கிறோம். மழை நன்றாகப் பெய்தது, மல்லாட்டைச் செடி பிடுங்கிக் கடலையைக் காயப்போட்டாகிவிட்டது, அம்மாவுக்கு முட்டிவலிதான் விட்டபாடில்லை.

ஜாக்குலின் கணக்கில் இருபத்தெட்டு மார்க் வாங்கியதைப் பார்த்து, டி.சி. வாங்கித் திண்டிவனத்தில் ஹாஸ்டல் உள்ள பள்ளிக்கூடத்தில் சேருங்கள் என்று ஆகஸ்டில் எழுதியிருந்தாய். நான் டி.சி. வாங்கவில்லை. கோபப்படாமல் முழுக்கப் படி. ஜூன் ஜூலை இரண்டு மாதமும் திண்டிவனத்தில் ஒரு கட்டட வேலைக்கு வாட்ச்மேனாக இருந்தேன் அல்லவா, அதற்கு அடுத்த காம்பவுண்டே பள்ளிக்கூடம்தான். அங்கே ஒரு நாளைக்கு எட்டு பீரியடுக்கும் மணி அடிக்கும், ஒவ்வொரு மணிக்கும் ஒரு வாத்தியார் உள்ளே போவார், மழையானாலும் அது தப்பாது. ஊருக்கு வந்து, பள்ளிக்கூடத்துக்கு எதிரே நம் நிலத்தில் களை வெட்டும்போது அங்கே அடிக்கிற மணியை எண்ணினால் ஆறுதான். பியூன் சீனுவாசன்தான் சோம்பேறித்தனம் பண்ணுகிறான் என்று நினைத்து, ஏம்பா ரெண்டு மணிய எங்க முழுங்கிட்டே என்று நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டேன். அவன் சிரித்துக்கொண்டே, பெரியவரே, அது என் கையில இல்ல, மூணு மணி பஸ்ஸுல கீது என்றான். விசாரித்தால் உண்மைதான். வாத்தியார்கள் எல்லாம் திண்டிவனத்திலிருந்து வருகிறவர்கள், மூன்று மணி பஸ்ஸை விட்டால் அப்புறம் ஏழு மணிக்குத்தான், அதனால் ஆறாவது பீரியடோடு கிளம்பிவிடுகிறார்கள். ஒன்பதாம் வகுப்புக்கு வாரத்தில் நாலு நாள் கணக்கு ஏழாவது பீரியடில் வருகிறது, காலையில் வைக்கலாமென்றால் ஐந்து வகுப்புக்கும் கணக்கு வாத்தியார் கோதண்டபாணி சார் ஒருவர்தான். பிள்ளை எப்படி மார்க் வாங்கும்?

ஞாயிறு பூசை முடிந்து ஊர்க்காரர்களிடம் சொன்னேன். வேங்கடேசன், கைநாட்டு ஆளு மணிய எண்ணிக்கினு வந்துட்டாருடா என்று கிண்டல் பண்ணினான். எண்ணத் தெரிஞ்சதாலதான்டா உன் புள்ளைக்கும் சேத்துக் கேக்கறேன் என்றேன், அதோடு அடங்கினான். பஸ்ஸை மறிக்கலாம் என்றார்கள் சிலர். நேரத்தை மாற்றச் சொல்லலாம் என்றால், பூக்கூடை எடுத்துப் போகிற பெண்களுக்கு அந்த பஸ்தான் பிழைப்பு. கடைசியில், ஏரித் தண்ணீருக்கு வீட்டுக்கு ஒரு நாள் முறை வைப்போமே, அதுபோல் வாத்தியார்களைக் கூட்டுரோட்டில் கொண்டுபோய் விடுவதற்கும் முறை வைத்தோம், அங்கே போய்விட்டால் பத்து நிமிஷத்துக்கு ஒரு பஸ். வண்டி இருப்பவன் வண்டி, சைக்கிள் இருப்பவன் சைக்கிள். எச்.எம். முதல் நாள் மாட்டு வண்டியில் ஏறி, யாரும் பார்த்துவிடக் கூடாதென்று குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். இப்போது அவரே, இன்னிக்கு யாரு முறைப்பா, ஜல்தியா வரச் சொல்லு என்கிறார். புதன்கிழமை நம் வீட்டு முறை.

கோதண்டபாணி சாரைத்தான் நான் கையெடுத்துக் கும்பிட வேண்டும். ஒரு நாள் முறைக்காரன் வரவில்லை, அவர் எட்டாவது பீரியடும் எடுத்துவிட்டு நாலு கிலோமீட்டர் நடந்தே போனார், மறுநாளும் முதல் மணிக்கே வந்து நின்றார். காலாண்டில் ஜாக்குலின் கணக்கில் அறுபத்தொன்று. திண்டிவனத்துக்கு நாம் சமமாகிவிட்டோம் என்று சொல்ல மாட்டேன், அங்கே கணக்குக்கு மட்டும் மூன்று பேர், சயின்சுக்குத் தனி ரூம். இங்கே சயின்ஸ் சாமானெல்லாம் பீரோவில் பூட்டிக் கிடக்கிறது. ஆனாலும் பிள்ளை, இப்பதான் தாத்தா எனக்குப் புரியுது, நான் இங்கியே இருக்கேன் என்கிறது. பத்தாவது வரை இருக்கட்டும் என்பது என் எண்ணம். பெற்றவள் நீ, வேண்டாமென்றால் எழுது, நானே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்ச் சேர்க்கிறேன்.

இன்னொன்று சொல்ல வேண்டும், அதை அன்புச்செல்வி எழுதத் தயங்குகிறாள், எழுது என்கிறேன். எழுபத்தாறில் நீ எஸ்.எஸ்.எல்.சி. கணக்கில் தவறியபோது, வேடிக்கை பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாயா என்று கேட்டு உன் புத்தகத்தைத் தெருவில் வீசினேன். நீ பொறுக்கி எடுத்துத் துடைத்து, அக்டோபரில் திரும்ப எழுதிப் பாஸ் பண்ணி நர்ஸானாய். அப்போதும் இதே மூன்று மணி பஸ்தான் பவுலின். எதிரே நிலத்தில் இருந்துகொண்டே நான் எண்ணிப் பார்க்கவில்லை. தப்பு உன்மேல் இல்லை. யாரும் சொல்லிக் கொடுக்காததையும் நீ படித்து ஜெயித்திருக்கிறாய், அதற்கு ஆண்டவருக்கும் உனக்கும் நன்றி.

மாப்பிள்ளை குளிருக்குக் கம்பளி போட்டுக்கொள்ளட்டும். உங்கள் இருவர் தலையிலும் கை வைத்து ஆசீர்வதிக்கிறோம். மறக்காமல் கோதண்டபாணி சாருக்கு உன் கையால் இரண்டு வரி நன்றி எழுதிப் போடு. என்னால் வாயால்தான் சொல்ல முடிந்தது.

இப்படிக்கு உன் அப்பா,
சவரிராயன் (இடது பெருவிரல் ரேகை)