வாசல் கதவுக்கு அறுபதாம் நம்பர்

பாண்டிருப்பு
வைகாசி, 2010

அன்பு மகன் தனஞ்சயனுக்கு அப்பா எழுதுவது. அம்மன் புண்ணியத்தில் நானும் தங்கச்சி வினோஜாவும் சுகம், நீயும் கட்டாரில் வேளைக்குச் சாப்பிட்டு வயிற்றை வளர்த்துக்கொண்டு சுகமாய் இருப்பாய். தங்கச்சி போனில் சொல்லிச் சிரிக்குமுன் வெட்கக்கேட்டை நானே சொல்லிவிடுகிறேன். நீ அனுப்பிய மரம் தேய்க்கிற மெசினுக்கு அதன் சொரசொரப்பான வட்டத்தாளைப் பசை பூசி ஒட்டிவிட்டேன். செருப்புப் பட்டி மாதிரி அமத்தினால் தானாய்ப் பிடிக்கும் என்று எனக்கு யார் சொன்னது? பசை காயட்டும் என்று மேலே அம்மிக்கல்லும் வைத்தேன். பிறகு கத்தியும் மண்ணெண்ணெயுமாய் ஒரு பகல் போனது.

தாள் வாங்கக் கல்முனையில் சாலிஹ் கடைக்குப் போனேன். இருக்கிறதில் பெரிய நம்பரைத் தா, நல்லாய்க் கடிக்க வேண்டும் என்றேன். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். தங்கத்துரை அண்ணன், நம்பர் கூடக்கூட மிருது, குறஞ்சாத்தான் கடிக்கும் என்றான். மெசினுக்கு எத்தின ஓட்டை எண்டு பாத்தீங்களா, தாள்ல இருக்கிற ஓட்டை அதுக்கு நேரா நிக்காட்டித் தூசி பைக்குள்ள போகாது, உங்கட மூக்குக்குள்ளதான் போகும் என்றும் சொன்னான். எதுக்கு என்று கேட்டான், வாசல் கதவுக்கு என்றேன். சிரிப்பை விட்டுவிட்டான். சுனாமிக்குப் பிறகு பழைய வீட்டில் மிஞ்சிய அந்த முதிரை மரக் கதவைத் தன் லொறியில் ஏற்றி இந்த வீட்டுக்குக் கொண்டுவந்து தந்தவன் அவன்தானே. அறுபதையும் இருநூற்று நாற்பதையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தான். அந்தத் தண்ணிக் கோடு போகணுமெண்டா இது, நிக்கணுமெண்டா அது, நீங்களே எடுங்க என்றான்.

அம்மாவைக் கொண்டுபோன தண்ணீர் என் நெஞ்சு உயரத்தில் நின்று போட்டுவிட்டுப் போன கோடு அது. அதுல கைவைக்காதீங்க அப்பா, அம்மாட போட்டோகூட நம்மகிட்ட இல்ல என்று நீ போனில் சொன்னாய். வீடு எனக்குத்தானே தாறீங்க, தினமும் அந்தக் கதவத் திறந்து மூடப்போறது நான்தானே அப்பா என்று தங்கச்சி சொன்னாள். நீ லீவில் வந்து ஒரு மாதம் பார்த்துவிட்டுப் போவாய். நம் வழக்கப்படி வீடு பெண்பிள்ளைக்கு, கலியாணம் முடிய ஆலையடிவேம்பு மாப்பிள்ளை இங்கே வருவார், நான் பின்னால் இருக்கும் அறைக்குப் போவேன். அதனால் அறுபதை எடுத்தேன், மகன்.

கோடு சட்டென்று போய்விட்டது. அடியில் மரம் மஞ்சளாய், நேற்று வெட்டினது போல இருந்தது. எனக்கு ஏதும் ஆகும் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். ஒன்றும் ஆகவில்லை. தூசிப் பையைக் கொட்டிவிட்டுத் தேத்தண்ணி குடித்தேன். போன வருசம் சண்டை முடிந்தது என்று சந்தியில் வெடி கொளுத்தியபோதும் இப்படித்தான், இருக்கிற கதிரைக்குக் கழன்ற கால் ஒன்று பூட்டிக்கொண்டிருந்தேன், பூட்டி முடித்தேன். மெசினை ஒரே இடத்தில் பிடிக்கக் கூடாதாம், சாலிஹ் சொல்லியும் பிடித்துவிட்டேன். கோடு இருந்த இடத்தில் கதவு கொஞ்சம் பள்ளம். கண்ணுக்குத் தெரியாது, கைக்குத் தெரியும். பிறகு நூற்றிருபது, அதற்குப் பிறகு இருநூற்று நாற்பது போட்டு வார்னிஷ் அடித்தேன்.

கோபமென்றால் எனக்கு ஏசு, தங்கச்சிக்கு ஏசாதே. ஏசுகிறதை நேரில் வந்து ஏசு. வாசலில் மாப்பிள்ளைக்குக் கால் கழுவ அண்ணன்காரன் நிற்க வேண்டும், நீ கோபித்துக்கொண்டு வராமல் விட்டால் அந்தச் செம்பை நான் யாரிடம் கொடுப்பது? கால் கழுவினதற்கு மாப்பிள்ளை உனக்குப் போடுகிற மோதிரம் உன் தடித்த விரலுக்குக் கொள்ளுமோ தெரியாது, அளவு அனுப்பு. வரும்போது நூற்றிருபதாம் நம்பர் தாள் கொஞ்சம் வாங்கி வா, எட்டு ஓட்டை, எண்ணிப் பார்த்து வாங்கு. வெயிலில் தொப்பி போடு. திரௌபதை அம்மன் உன்னை ஒரு குறையும் இல்லாமல் வைத்திருப்பாள்.

இப்படிக்கு,
உன்னைப் பார்த்திருக்கும் அப்பா
தங்கத்துரை

கையெழுத்து வைத்த பிறகு கடிதமும் கையுமாய் வெளியே வந்து கதவை இழுத்துப் பூட்டிப் பார்த்தேன். இழுத்தால் தானாய் விழுகிற பூட்டு, நன்றாகப் பூட்டுகிறது. பூட்டின் திறப்பு உள்ளே மேசையில் இருக்கிறது. பின்கதவுக்கு உள்ளால் கொண்டி போட்டிருக்கிறேன். தங்கச்சி சட்டை தைக்கக் கொடுக்க கனகேஸ்வரி வீட்டுக்குப் போயிருக்கிறாள். இந்த வரிகளை வெளியில் இருந்து எழுதுகிறேன்.