ஜெயந்தி அக்காவுக்கு என்ன பிடிக்கும்?

என் ஜெயந்தி அக்காவுக்கு,

நேரில் ஒரு தரம்கூடப் பார்க்காத உங்களை அக்கா என்று கூப்பிட எனக்கு உரிமை உண்டா, தெரியவில்லை. நீங்கள் கண்ணை மூடிச் சில வருஷம் கழித்து உங்கள் வீட்டுக்காரரைக் கட்டிக்கொண்டு வந்தவள் நான். முறைப்படி நீங்கள் மூத்தவர், நான் இளையவள். அந்த முறையில்தான் அக்கா. பாசம் பொங்கிக் கூப்பிடுகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். உங்கள் மேல் எனக்குக் கொள்ளைப் பொறாமை.

இப்படிப் பத்திரிகையில் எழுதினால் அவர் படித்துவிட மாட்டாரா என்று பயப்பட வேண்டாம். பந்து விளையாட்டுப் பக்கத்தைத் தாண்டி அவர் எதையும் படித்ததில்லை. இது என்னைவிட உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். பார்த்தீர்களா, இதிலும் நீங்கள்தான் முந்தி.

பிரிக்பீல்ட்ஸ் டவுன் வீட்டுக்கு நான் வந்தபோது சமையலறையில் பருப்பு, மல்லி, மிளகாய் எல்லாம் மேல்தட்டில் இருந்தன. நீங்கள் நல்ல உயரமாம். நான் குள்ளம். தினமும் முக்காலி போட்டு ஏறித்தான் சாம்பாருக்குப் பருப்பு எடுப்பேன். டப்பாக்களைக் கீழே இறக்கி வைத்தால், பள்ளி விட்டு வந்த ஷாமினி மறுபடி மேலே ஏற்றிவிடுவாள். உங்கள் மகள் இல்லையா, அவளுக்கும் கை எட்டும்.

அதனால்தான் வீடு மாற வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். பிள்ளைகளுக்கு நல்ல காற்று வேண்டும் என்று வெளியே சொல்லிக்கொண்டேன். உண்மையில் நீங்கள் இல்லாத ஒரு வீடு வேண்டும் எனக்கு. என் கைக்கு எட்டுகிற தட்டு, எனக்கென்று ஒரு மூலை. உலு லங்காட் மலையடிவாரத்தில் வீடு கிடைத்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை.

சாமான்கள் லோரியில் முன்னால் போய்விட்டன. நாங்கள் காரில் ஏறப் போனபோது பார்க்கிறேன், முன் சீட்டில் உங்கள் படம். கண்ணாடி உடைந்துவிடக் கூடாதாம். சீட் பெல்ட்கூடப் போட்டுவிட்டிருந்தார். நான் பின்னால் ஷாமினிக்கும் உங்கள் மகன் தருணுக்கும் நடுவில், மடியில் அரிசிக் குக்கரோடு உட்கார்ந்து வந்தேன். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. மலைக்கு உங்களை விட்டு ஓடி வந்தால், நீங்கள் எனக்கு முன்னால் உட்கார்ந்து வழி காட்டுகிறீர்கள்.

இங்கே வந்ததிலிருந்து ஞாயிற்றுக்கிழமை ஆனால் நாலு பேரும் மலை ஏறுகிறோம். நீங்கள் இந்தப் பக்கமே வந்ததில்லையாம். ஆனாலும் மலையில் உங்கள் பேச்சுதான். ஆற்றைத் தாண்டும்போது, "ஜெயந்தியா இருந்தா இந்தத் தண்ணியில எறங்கி ஒக்காந்துருப்பா" என்பார். தருண் தன் பங்குக்கு, "அம்மான்னா இந்நேரம் மேல போய்ச் சேந்துருப்பாங்க லா, ஆன்டி" என்பான். உங்களுக்கு மூச்சு வாங்காது, முட்டி வலிக்காது, காலில் அட்டை ஏறாது. எனக்கு எல்லாம் உண்டு. புளிச்சோறும் தண்ணீர் பாட்டிலும் சுமந்துகொண்டு பின்னால் வருகிறவளை உங்களோடு ஒப்பிட்டால் நியாயமா, நீங்களே சொல்லுங்கள்.

தீபாவளி நெருங்கியது. நெய் உருண்டை பிடித்தேன். ஷாமினி ஒன்றை வாயில் போட்டு, "நல்லாத்தான் இருக்கு ஆன்டி" என்றாள். அந்த 'தான்' போதாதா? அம்மா செய்தது போல இல்லை என்று நேராகவே சொல்லியிருக்கலாம்.

மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவுக்குத் துணி எடுக்கப் போனோம். "ஒனக்கு எது வேணுமோ எடுத்துக்க மகேஸ்" என்று என்னிடம் சொல்லிவிட்டு, அவர் தனியாகப் போய் ஒரு சேலையைப் பிரித்து, வெளிச்சத்தில் பிடித்து, திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். மயில் கழுத்துப் பச்சை. எனக்குத்தான் என்று ஒரு நிமிஷம் நம்பிவிட்டேன். தீபாவளிக்கு முதல் நாள் உங்களுக்குப் படைக்கிற சேலை அது. உயிரோடு இருக்கிறவள் தானே எடுத்துக்கொள்ள வேண்டும், போனவளுக்கு அவர் பார்த்து எடுப்பார்.

படையல் என்றால் போனவர்களுக்குப் பிடித்ததைத்தானே சமைத்து வைக்க வேண்டும்? பிரிக்பீல்ட்ஸில் இருந்தவரைக்கும் உங்கள் மாமியார் வந்து செய்துவிட்டுப் போவார். மலைக்கு அவரால் வர முடியாது. முதல் தடவையாக வேலை என் தலையில். சரி, குறை சொல்ல இடம் வைக்கக் கூடாது என்று வீட்டுக்காரரிடமே கேட்டேன். "ஜெயந்திக்கா? ஆட்டுக்கறி நல்லா வைப்பா" என்றார். "வைக்கறத கேக்கலைங்க. என்ன பிடிக்கும்?" யோசித்தார். "அவளுக்கு எல்லாம் பிடிக்கும்." தருண், "அம்மாவுக்குக் கோழி பொரியல்" என்றான். அது அவனுக்குப் பிடித்தது. ஷாமினி, "தெரியல ஆன்டி" என்றாள். அவள் கண் கலங்கிவிட்டது.

எனக்கு முதலில் ஒரு அல்ப சந்தோஷம் வந்ததை மறைக்கவில்லை. மூச்சுக்கு மூச்சு ஜெயந்தி, ஜெயந்தி என்கிறார்களே, என்ன பிடிக்கும் என்றுகூட அவர்களில் ஒருவருக்கும் தெரியவில்லையே! பிறகு அடுப்படியில் தனியாக நிற்கும்போது வேறு ஒன்று உறைத்தது. எனக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டால் மட்டும் இந்த வீட்டில் யார் சொல்வார்கள்?

கிள்ளானுக்குப் போனேன், உங்கள் தங்கை புனிதாவைப் பார்க்க. வாசல் கம்பிக் கதவைத் திறக்காமலே, "நீங்க எதுக்கு அதெல்லாம் கேக்கறீங்க?" என்றாள். அவள் கோபம் நியாயம்தான். படையலுக்கு என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் கதவைத் திறந்தாள்.

"அக்காவுக்கு டுரியான் பழம்னா உயிரு லா" என்றாள். "மாமாவுக்கு வாடையே ஆகாது. அதனால வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டா. சீசன் வந்தா ரயில் ஏறி இங்க வந்துருவா. இந்தப் பின்வாசல்லதான் ஒக்காந்து திம்பா. வாடை போக அந்தப் பழ ஓட்டுல தண்ணி ஊத்திக் கையக் கழுவி, ஏலக்காய மென்னுக்கிட்டுப் போவா. தனக்கும் வாடை ஆகாதுன்னு மாமாகிட்ட சொல்லி வெச்சுருந்தா."

"அவரு கண்டுபிடிக்கவே இல்லையா?"

"எங்க கண்டுபிடிச்சாரு? கடைசி வரைக்கும் தெரியாது."

ரயிலில் திரும்பி வரும்போது என் மனம் துள்ளியது, அக்கா. அவருக்குத் தெரியாத ஒன்று உங்களைப் பற்றி எனக்குத் தெரியும். இத்தனை நாள் மலைக்கு மலை என்னை உங்களோடு ஒப்பிட்ட மனிதரிடம் இதைப் போட்டு உடைத்தால் எப்படி இருக்கும்! "உங்க ஜெயந்திய உங்களுக்குத் தெரியவே தெரியாது" என்று ஒரே வாக்கியம். பலமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

படையலன்று தலைவாழை இலையில் எல்லாம் பரிமாறி, நடுவில் டுரியான் சுளைகளை வைத்தேன். பக்கத்தில் மயில் கழுத்துச் சேலை. குளித்துவிட்டு வந்தவர் வாசற்படியிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"என்ன மகேஸ் இது? ஜெயந்திக்கு இந்த வாடையே ஆகாது. எனக்குத் தெரியாதா அவள?"

வாக்கியம் நாக்கு நுனியில் நிற்கிறது. அவர் முகத்தைப் பார்த்தேன். கோபம் இல்லை அதில். உங்களுக்காக ஒரு பதற்றம். இலையில் அவளுக்கு ஆகாதது இருக்கிறதே, எப்படிச் சாப்பிட வருவாள் என்கிற பதற்றம். உங்களைத் தனக்கு முழுசாகத் தெரியும் என்பது ஒன்றுதான் அந்த மனிதரிடம் மிச்சம் இருக்கிறது. அதைப் பிடுங்கி நான் எங்கே வைத்துக்கொள்வது?

"எனக்குப் பிடிக்கும்ங்க" என்றேன். "ஆசையா இருந்துச்சு. அக்காவோட சேந்து சாப்பிடலாம்னு வெச்சேன்."

"ஒனக்கா? சொன்னதே இல்லியே."

"நீங்க கேட்டதே இல்லியே."

ஷாமினி களுக்கென்று சிரித்துவிட்டாள். அவர் எல்லா ஜன்னலையும் திறந்துவிட்டு, உங்கள் படத்துக்குச் சூடம் காட்டினார். கும்பிட்டு முடித்ததும் சேலையை எடுத்து என் கையில் கொடுத்தார். படைத்ததை வீட்டுப் பெண் கட்டுவது வழக்கம் என்று எனக்கும் தெரியும். வழக்கத்துக்குத்தான் கொடுத்தாரோ என்னவோ. கட்டிக்கொண்டேன். உங்கள் உயரத்துக்குப் பார்த்து எடுத்ததோ என்று ஒரு சந்தேகம், கொசுவத்தை நிறைய மடித்துச் செருக வேண்டியிருந்தது.

அடுத்த ஞாயிறு மலை இறங்கி வருகிறோம். சாலையோர டுரியான் கடை வந்தால் எப்போதும் கண்ணாடியை ஏற்றிவிட்டு வேகமாகப் போகிறவர், அன்று வண்டியை ஓரங்கட்டினார். இறங்கி, கைக்குட்டையால் மூக்கைக் கட்டிக்கொண்டு கடைக்காரரிடம் மலாயில் பேரம் பேசினார். ஒரு பழத்தைப் பிளக்கச் சொல்லி, பெட்டியோடு கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். காற்று வீசும் திசை பார்த்துத் தள்ளிப்போய் நின்றுகொண்டு, "மெதுவா சாப்பிடு மகேஸ், அவசரமில்ல" என்றார்.

எனக்கு டுரியான் அவ்வளவாகப் பிடிக்காது, அக்கா. ஒரு சுளைக்கே உடம்பு கொதிக்கும். அன்று ஒன்று விடாமல் தின்றேன். தின்னத் தின்ன அழுகை வந்தது. உங்களுக்காக மூக்கைப் பொத்திக்கொண்டு அவர் எந்தக் கடையிலும் நின்றதில்லை. நீங்கள் கேட்கவில்லை, அவருக்குத் தெரியவில்லை. எனக்காக நின்றார்.

யாரிடம் சொன்னாலும் அவரிடம் மட்டும் சொல்ல மாட்டேன், இது சத்தியம். வருஷா வருஷம் உங்கள் இலையில் சுளை இருக்கும், பழி என் மேல் இருக்கும். சீசனுக்குச் சீசன் அவர் வாங்கித் தருவார், உங்கள் பங்கையும் சேர்த்து நான் தின்பேன். இத்தனை நாள் நான் பட்டது போதும். இனி கொஞ்ச நாள் நீங்கள் பொறாமைப்படுங்கள்.

உங்களுக்கு அடுத்துப் பிறக்காமல், அடுத்து வந்த தங்கை,
மகேஸ்