பிழை திருத்தி அனுப்பியுள்ளேன்

என் அருமைத் தோணி,

அந்தோணி என்று ஞானஸ்நானப் பதிவேட்டில் எழுதிய பெயரை நம் வீட்டில் ஒருவரும் முழுதாகச் சொன்னதில்லை. இப்போது அதை முழுதாக, வழவழப்பான தாளில், தங்க நிற எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்த நாள்முதல் எனக்குச் சோறு இறங்கவில்லை என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். இறங்கியது. ருசிக்கவில்லை, அவ்வளவுதான்.

செத்தவர்களுக்குக் கடிதம் எழுதுபவர்களைப் பார்த்து நாம் இருவரும் எத்தனை முறை சிரித்திருக்கிறோம்? நானும் அந்த வரிசையில் சேர்ந்துவிட்டேன். இதை நம் பங்குக் கோயில் பத்திரிகைக்கு அனுப்பப் போகிறேன். உனக்குச் சொல்ல வேண்டியதை சாந்தோமில் நாலு பேரும் கேட்க வேண்டும். கேட்டுவிட்டு என்னைப் பற்றி என்ன நினைத்தாலும் சரி.

முதலில் ஊர்ச் செய்தி. கச்சேரி சாலையைத் தோண்டிப் போட்டுவிட்டார்கள், மெட்ரோ வருகிறதாம். பூசைக்குப் போவதற்கு நான் மூன்று தெரு சுற்றுகிறேன். உன் அறையில் கடல் வரைபடங்களைச் சுருட்டி வைத்த தகரக் குழாய்கள் அப்படியே இருக்கின்றன. அவற்றை யாருக்குக் கொடுப்பது என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. மாலையில் கடற்கரை நடை மட்டும் விடவில்லை. நம் பக்கத்து மணல் எப்போதும்போல அகலமாகத்தான் இருக்கிறது. தண்ணீரைத் தொட வேண்டுமானால் பாதி வழியில் உட்கார்ந்து ஓய்வெடுக்க வேண்டும். இந்த அகலத்தைப் பார்த்து நான் பெருமைப்பட்டபோது நீ ஒருமுறை சொன்னாய், நம் கடலோரத்தில் மணல் ஆண்டு முழுதும் தெற்கிலிருந்து வடக்கே நடந்துகொண்டே இருக்கிறது, நடுவில் ஒரு சுவரைக் கட்டினால் இந்தப் பக்கம் குவியும், அந்தப் பக்கம் பறிபோகும் என்று. நான் கேட்டுக்கொண்டே பட்டாணி தின்றேன்.

சென்ற செவ்வாய்க்கிழமை, வடக்கேயுள்ள அந்தச் சரக்குத் துறைமுகத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். கீர்த்தனா என்று பெயர், வேளச்சேரியில் வீடு, ‘சமூக உறவுப் பிரிவு’ என்ற ஒன்றில் அதிகாரி. வயது முப்பதைத் தாண்டாது. ஒரு கூடைப் பழமும் ஆண்டறிக்கை ஒன்றும் கொண்டுவந்தாள். பழத்தை உள்ளே வைத்துவிட்டு அறிக்கையைப் பிரித்தேன்.

எல்லாம் வளர்ந்திருக்கிறது, தோணி. நிலக்கரி வளர்ந்திருக்கிறது. சமையல் எண்ணெய் வளர்ந்திருக்கிறது. கப்பலேறும் கார்கள் வளர்ந்திருக்கின்றன. ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு கோடு, போன ஆண்டைவிட இந்த ஆண்டு உயரமாக. கல்லூரியில் பொருளியல் நடத்திய காலமெல்லாம், கோடு மேலே ஏறினால் மகிழ வேண்டும், இறங்கினால் கவலைப்பட வேண்டும் என்று மாணவிகளைப் பழக்கியவள் நான். இப்படிப்பட்ட அறிக்கைகளை எழுதுகிறவர்களில் என்னிடம் படித்தவர்கள் சிலர் இருந்தாலும் ஆச்சரியமில்லை. சரக்கு எந்தக் கரையில் இறங்கியது, அந்தக் கரையில் அதற்கு முன்னால் யார் நின்றுகொண்டிருந்தார்கள் என்று நான் ஒரு தேர்விலும் கேட்டதில்லை.

சரக்கெல்லாம் முடிந்த பிறகு ‘கடலோர உறவுகள்’ என்று ஒரு பகுதி. கண் பரிசோதனை முகாம், பள்ளிப் பைகள், மரக்கன்று. பிறகு ஒரே நிறப் புடவை கட்டிய பெண்கள், ஆளுக்கொரு தையல் இயந்திரத்தின் முன்னால், யாரோ ‘சிரியுங்க’ என்று சொல்லிச் சிரித்த முகத்தோடு. எதிர்ப்பக்கத்தில் நீ. ஓய்வுபெற்ற அன்று எடுத்த படம், கோணலான டை. அதன் கீழே: ‘கடலின் ஆழம் அறிந்தவர். முதல் நாளே எங்களை வாழ்த்தியவர்.’

அருவருப்பாக இருந்தது. இதைவிட நயமான சொல் தமிழில் உண்டு. தேடிப் பார்த்துவிட்டு வேண்டாமென்று விட்டேன்.

வாசிப்பவர்களுக்காக அந்த முதல் நாளைச் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன்னால், துறைமுகம் தன் இரண்டாவது அலைத்தடுப்புச் சுவரைத் தொடங்கும் முன், அதற்கு வடக்கே ஒட்டியிருக்கும் மீனவர் குப்பத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தது. கடலின் ஆழத்தை அளப்பதே உன் உத்தியோகம்; அந்தக் கரையை அளந்த காலத்தில் அந்தக் குப்பத்துப் படகுகளில்தான் போய்வந்தாய். அதனால் உன்னைப் பேச அழைத்தார்கள். நானும் துணைக்கு வந்தேன். பந்தலில் வெயில் கொளுத்தியது, மேடையில் மட்டும் மின்விசிறி. எவர் பேசினாலும் மேடையில் இருந்தவர்கள் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உன் முறை வந்தது. கொண்டுபோன வரைபடத்தை நீ விரிக்கவேயில்லை. ஒலிவாங்கியைப் பிடித்து நீ சொன்னது இவ்வளவுதான்:

“ரொம்ப சந்தோஷம். வாழ்த்துக்கள். நல்லா வளருங்க, கடலே இல்லாதபடிக்கு வளருங்க. இவங்களுக்கு ஆளுக்கொரு தையல் மிஷின் மட்டும் குடுத்துருங்க. கரை கிழிஞ்சா தெச்சிக்குவாங்க.”

பந்தல் முழுவதும் சிரித்தது. கிழவிகள் கைதட்டினார்கள். எனக்கும் பெருமையாக இருந்தது. நம் வீட்டு நாக்கு அல்லவா அது? கோபம் வந்தால் நேரே திட்டாமல் பாராட்டிக் கொல்வது நம் அம்மா வழியில் வந்த சீதனம். ஆனால் மேடை ஓரத்தில் ஒருவர் கூட்டக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார். அவர் சிரிக்கவில்லை, எழுதினார்.

அந்தக் குறிப்பின்படியே செய்துவிட்டார்கள், தோணி. சுவரும் கட்டினார்கள், வீட்டுக்கு ஒரு தையல் இயந்திரமும் கொடுத்தார்கள். கேட்டது கிடைத்தது. சொன்னதைச் செய்கிறவர்கள் என்பதற்கு அறிக்கையில் நீதான் சான்று.

கீர்த்தனா விஷயத்துக்கு வந்தாள். உன் பெயரில் குப்பத்தில் ஒரு தையற்பயிற்சி மையம் திறக்கப் போகிறார்களாம். பெயர்ப்பலகை ஏற்கெனவே மாட்டியாகிவிட்டதாம். ஒரே உறவினர் என்ற முறையில் நான் சம்மதக் கடிதத்தில் கையெழுத்திட வேண்டும்; தியாகராய நகரில் நடக்கும் விழாவில் குத்துவிளக்கு ஏற்ற வேண்டும். கடலோர உறவைக் கொண்டாடத் தியாகராய நகரில் குளிர்பதன மண்டபம் எதற்கு என்று கேட்டேன். கார் நிறுத்த இடம் இருக்கிறது என்றாள். அவள் கேலி செய்யவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

“அவன் சொன்னது கிண்டல்மா,” என்றேன்.

“இருக்கலாம் மேடம். ஆனா மீட்டிங் மினிட்ஸ்ல கிண்டல்னு தனியா ஒரு கட்டம் கிடையாதே.” மடியிலிருந்த கோப்பைத் திறந்தாள். “அதோட, நீங்களே செக் பண்ணி அனுப்பியிருக்கீங்க.”

கோப்பிலிருந்து ஒரு நகலை எடுத்து என் முன்னால் வைத்தாள். சிவப்பு மையில், வட்டவட்டமாக, என் கையெழுத்து.

இதை உன்னிடம் நான் எப்படிச் சொல்வேன்? உனக்குத்தான் தெரியுமே. நீ அங்கே படுத்திருந்தாய்.

கூட்டம் முடிந்து இரண்டு வாரத்தில் உனக்குப் பக்கவாதம். வாய் ஒரு பக்கம் இழுத்து, பேச்சு போய், வலக்கை விழுந்து நீ மருத்துவமனையில் கிடந்தபோது அந்த உறை வந்தது. நீ பேசியதன் சுருக்கம், சரிபார்த்துத் திருப்பி அனுப்பும்படி. கட்டிலருகே உட்கார்ந்து உனக்கு உரக்க வாசித்தேன். ‘திரு. அந்தோணி அவர்கள் திட்டத்தை பெரிதும் வரவேற்று, வாழ்த்துக்களை தெரிவித்து, தையல் இயந்திரங்களை கோரினார்.’ வாசித்துவிட்டுச் சிரித்தேன். இவ்வளவு மூடத்தனம் உலகத்தில் உண்டா என்று சிரித்தேன். உன் முகத்தின் ஒரு பாதியும் சிரித்தது என்றுதான் நினைத்தேன்.

பிறகு பேனாவை எடுத்தேன். ‘திட்டத்தை’ என்பதற்குப் பின் ஒரு ‘ப்’ போட்டேன். ‘வாழ்த்துக்களை’ என்பதை ‘வாழ்த்துகளை’ என்று ஆக்கி, அதற்குப் பின் ஒரு ‘த்’ போட்டேன். ‘இயந்திரங்களை’ என்பதற்குப் பின் ஒரு ‘க்’. ஒரு வாக்கியத்தில் இத்தனை பிழையா என்று முணுமுணுத்துக்கொண்டே திருத்தினேன். அடியில் எழுதினேன்: ‘பிழை திருத்தி அனுப்பியுள்ளேன்.’ கையெழுத்து, பட்டம், ஓய்வுபெற்ற பேராசிரியை என்ற அடைமொழி எல்லாம் போட்டேன்.

நீ இடக்கையைத் தூக்கி, “அடி, அடி” என்றாய். அந்த ஒரு சொல்தான் அன்று உனக்கு வந்தது. கொசு கடிக்கிறது என்று நினைத்துக் கட்டிலைச் சுற்றித் துண்டால் வீசினேன். நீ சலித்துக் கண்ணை மூடிக்கொண்டாய். பேச்சு திரும்பாமலேயே பிறகு போய்ச் சேர்ந்தாய். அடித்துவிடு, அந்த வரியை அடித்துவிடு என்றுதானே சொன்னாய்? நகலைப் பார்த்தபோதுதான் எனக்குப் புரிந்தது. இத்தனை காலம் எங்கே போயிருந்தது என் மூளை?

பொய்யை ஒற்றுப்பிழை இல்லாத பொய்யாக ஆக்கி அனுப்பியவள் உன் அக்கா. மற்றவர்கள்மேல் எனக்கிருக்கும் அருவருப்பெல்லாம் இதற்குப் பிறகுதான்.

சம்மதக் கடிதத்தில் கையெழுத்திடவில்லை. கீர்த்தனாவும் வற்புறுத்தவில்லை. வாசலில் செருப்பை மாட்டும்போது, “நான் அப்ப வேலைக்கே சேரல மேடம்,” என்றாள், யாரும் கேட்காமலேயே. பழக்கூடையைத் திருப்பிக் கொடுக்க மறந்துவிட்டேன். மாதுளை நன்றாகத்தான் இருந்தது.

மறுநாள் சரசு வந்தாள். உன்னைத் தன் படகில் ஏற்றிக்கொண்டுபோன முனுசாமியின் மகள். இப்போது குப்பத்தில் பெண்களின் பஞ்சாயத்துக்கு அவள்தான் தலைவி. இரண்டு பேருந்து மாறி வந்திருந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“இன்னா டீச்சரம்மா இது? தோணி நைனா பேரப் போட்டு போர்டு வெச்சிக்கீறாங்க. எங்க சனம் இன்னா பேசிக்கினு கீது தெரியுமா? அந்த ஆளு அப்பவே அவங்க கையாளுன்னு பேசுது. எங்கப்பன் அவருக்காகப் படகு வலிச்சானே, அவனையும் சேத்துப் பேசுது.”

அவள் வீட்டு முன்னறை போன ஐப்பசியில் கடலில் விழுந்துவிட்டது. அடுத்த வீடு அதற்கு முந்தைய மாதம். தையல் இயந்திரத்தை எங்கே வைத்திருக்கிறாய் என்று கேட்டேன். உப்புக் காற்றில் துருப்பிடித்துச் சக்கரம் இறுகிவிட்டதாம். அதன்மேல் மீன் கூடையைக் கவிழ்த்து வைத்திருக்கிறாளாம்.

இப்போது மூன்றாவது சுவர் வரப்போகிறது. அது வந்தால் மிச்சமிருக்கும் இரண்டு தெருவும் போய்விடும். குப்பத்தார் பசுமைத் தீர்ப்பாயத்தில் வழக்குப் போட்டிருக்கிறார்கள். அதற்குத் துறைமுகத்தின் பதிலில் இரண்டு தாள்களை இணைத்திருக்கிறார்களாம். ஒன்று இந்த ஆண்டறிக்கை. இன்னொன்று, முதல் நாளிலிருந்தே மக்களும் வல்லுநரும் வரவேற்றார்கள் என்பதற்கான கூட்டக் குறிப்பு, சிவப்பு மையோடு.

சரசுவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், அந்த ‘ப்’, ‘த்’, ‘க்’ உட்பட. அவள் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவள் கேட்டது இதுதான்:

“படிச்சவங்கதான நீங்க? படிச்சுப் பாக்கலியா?”

எழுத்தெழுத்தாகப் படித்தேன் என்று நான் அவளிடம் எப்படிச் சொல்ல முடியும்?

போகும்போது அவளே சொன்னாள், “வந்து சொல்லும்மா. கிண்டல்தான் பண்ணாருன்னு நாங்க சொன்னா எவனும் எடுக்க மாட்டான். நீ பக்கத்துல குந்திக்கினு இருந்த. நீதான் எழுதியும் குடுத்த. நீ சொன்னாத்தான் எடுக்கும்.”

லஸ் முனையில் குப்பத்தாரின் வழக்கறிஞர் அலுவலகம். நல்ல பையன், பொறுமைசாலி. எனக்காக ஒரு பிரமாணப் பத்திரம் தயாரித்திருந்தான். அதில், சகோதரனின் உடல்நிலையால் மனம் கலங்கியிருந்தபடியால் உள்ளடக்கத்தை அறியாமல் திருத்தி அனுப்பிவிட்டதாக எழுதியிருந்தான். அறியாமல் என்பது பொய் என்றேன். வாசித்தேன், பொருள் புரிந்தது, யாரும் அதை நம்பமாட்டார்கள் என்ற அகங்காரத்தில் அனுப்பினேன், அப்படியே எழுது என்றேன். அவன் பேனாவை மூடி வைத்தான்.

“உங்க வயசு, உங்க ஞாபகம், உங்க படிப்பு, எல்லாத்தையும் கேப்பாங்க மேடம். நாலு பேர் முன்னால அசிங்கமாயிடும்.”

ஆகட்டும். ஒரு குப்பம் உன்னைத் துறைமுகத்தின் கையாள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. அதைவிட அசிங்கமாக எனக்கு என்ன ஆகிவிடும்? கூடத்தில் யாராவது சிரித்தால் சிரிக்கட்டும். சிரிக்கப் பழக்கியவர்கள் நாம்தான். நம் குடும்பத்தில் எவருக்கும் ஒரு காரியம் பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று சொல்லத் தெரியாது. அழகாகப் பேசுவோம், ஜனங்கள் கைதட்டுவார்கள், வீட்டுக்கு வந்து காபி குடிப்போம். கைதட்டியவர்களின் வீடுதான் கடலில் விழுந்திருக்கிறது.

பலகையை நான் அகற்ற முடியாது. அது துறைமுகத்தார் இடத்தில் இருக்கிறது. உன் பெயருக்குச் சொந்தம் கொண்டாட எனக்கு என்ன உரிமை உண்டு என்று வழக்கறிஞர் தேடிக்கொண்டிருக்கிறான். மூன்றாவது சுவர் நிற்குமா, நிற்காதா என்றும் எனக்குத் தெரியாது. அறிக்கையின் கோடுகள் அடுத்த ஆண்டும் மேலே ஏறும், அதில் எனக்கு ஐயமில்லை.

திங்கட்கிழமை தீர்ப்பாயத்துக்குப் போகிறேன். சரசு ஆட்டோவோடு வருகிறேன் என்றிருக்கிறாள். உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன், தோணி. அங்கே உவமை சொல்லமாட்டேன். ஒருவரையும் சிரிக்கவைக்கமாட்டேன். என் தம்பி இந்தச் சுவரை எதிர்த்தான், நானும் எதிர்க்கிறேன், நான் அனுப்பிய தாள் தவறு என்று மூன்று வாக்கியம் சொல்வேன். எழுதுகிறவர் எழுதி முடிக்கும்வரை நின்றுகொண்டே இருப்பேன். அவர் எழுதியதை என் கையில் வாங்கி, ஒவ்வொரு வரியும் என்ன சொல்கிறது என்று பார்த்த பிறகுதான் அந்தக் கூடத்தைவிட்டு வெளியே வருவேன்.

உனக்கு மூன்று வயது மூத்தவளும், இந்த விஷயத்தில் மிகவும் இளையவளுமான
உன் அக்கா