ஏழு நாள் காயாத தகரம்

அன்பும் கொஞ்சம் சந்தேகமுமாக என் மச்சானுக்கு,

சென்ற திங்கட்கிழமை காலை நம் பனியன் கம்பெனியில் ஒரு மாபெரும் முடிவு எடுக்கப்பட்டது. முதலாளி, கணக்கர், நான் மூவரும் கதவைச் சாத்திக்கொண்டு பேசி, இனி உங்கள் பென்சில்களால் யாரும் எழுதக் கூடாது என்று தீர்மானித்தோம். எதிர்ப்பு இல்லை. டீ வந்தது.

நீங்கள் போன பிறகு உங்கள் வேலை எனக்கு வந்தது. துணி வெட்டும் இரும்பு மேசைகளுக்கு அடிக்கும் பெயிண்டைச் சோதிக்கும் வேலை. பெயிண்டர் ஒரு தகரத்தில் பூசித் தருவார். மிருதுவான பென்சிலில் தொடங்கிக் கெட்டியான பென்சில் வரை ஒவ்வொன்றாக அதன்மேல் அழுத்தித் தள்ள வேண்டும். கீறல் விழாத வரை பெயிண்ட் யோக்கியம்.

என் கையில் வந்த தகரம் எல்லாம் தேறியது. "காலம் மாறிப்போச்சுங்க, இப்பெல்லாம் பெயிண்ட் நல்லா வருது" என்றார் முதலாளி. எல்லாருமே யோக்கியர்கள் என்றால் எனக்குச் சோறு இறங்காது, உங்களுக்குத் தெரியும்.

பிறகு வெள்ளைப் பனியன்களில் பச்சைத் துணுக்குகள் ஒட்டி வந்தன. மேசைப் பெயிண்ட் உரிகிறது. பெயிண்ட் கடைக்காரரைச் சந்தேகித்தேன். பெயிண்டர்களைச் சந்தேகித்தேன். முதலாளியையும் இரண்டு நாள் சந்தேகித்தேன். கடைசியில் பார்த்தால், கணக்கர் உங்கள் பென்சிலால் பனியன் மூட்டையில் விலாசம் எழுதிக்கொண்டிருக்கிறார்.

"நல்லாக் கெட்டியா இருக்குதுங்க, ஒடையறதே இல்லீங்க" என்றார்.

எழுதி எழுதி முனை உருண்டுவிட்டது. உருண்ட முனை வழுக்கும், கீறாது. நீங்கள் உப்புத்தாளில் தேய்த்து முனையைத் தட்டையாக்குவீர்களே, அந்த முறையைத் தேடி உங்கள் மேசை இழுப்பறையைத் திறந்தேன். திறக்காமல் இருந்திருக்கலாமோ?

உள்ளே நீங்கள் சோதித்த பழைய தகரங்கள். ஒவ்வொன்றின் முதுகிலும் பூசிய நாள், கீறிய நாள். எல்லாம் ஏழு நாள் இடைவெளி. சுவரில் நீங்களே எழுதிய சட்டமும் அதுதான்: ஏழு நாள் காய வேண்டும். வீரபாண்டி பெயிண்டர் மாரிமுத்துவின் தகரத்தில் மட்டும், பூசியது செவ்வாய், கீறியது வியாழன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை நீங்கள் பழனிக்குக் காவடி எடுத்துப் புறப்பட்டீர்கள். விரதக்காரன் வேலையைப் பாக்கி வைத்துவிட்டுப் போகக் கூடாது என்பீர்கள். அந்த வியாழக்கிழமை மாரிமுத்து கெஞ்சியது எனக்கு நினைவிருக்கிறது.

"ஏனுங்க, இன்னும் காயவே இல்லீங்க. வெரல் வெச்சா ஒட்டுதுங்க."

"காயாதது பெயிண்ட்டோட குத்தமுங்க, என்ர குத்தமில்லீங்க" என்று சொல்லிக் கீறினீர்கள்; தகரம் தோற்றது.

பத்து வருடமாக நம் மேசைகளுக்கு அடித்தவர் அன்றோடு நின்றார். முருகன் இதைக் கேட்டானா மச்சான்? என்ன பதில் சொன்னீர்கள்?

உங்கள் தங்கையிடம் சொன்னேன். "எங்கண்ணன் செத்த பொறவும் அவரை உட மாட்டீங்களா?" என்றாள். அன்று குழம்பில் உப்பு இல்லை. அதையும் சந்தேகிக்கிறேன்.

மாரிமுத்துவைத் தேடிப் போனேன். உடுமலைப்பேட்டைச் சந்தையில் மாட்டுக் கொம்புக்கு வர்ணம் அடித்துக்கொண்டிருந்தார். நடந்த தவறைச் சொல்லி, திரும்ப வரச் சொன்னேன். தூரிகையைக் கீழே வைக்காமலே கேட்டார்.

"மச்சானுக்காக வந்தீங்களா, மேசைக்காக வந்தீங்களா?"

பதிலுக்குக் காத்திராமல் அடுத்த கொம்புக்குப் போனார்.

"நான் வரலீங்க. கொம்புக்கு யாரும் பென்சில் வெச்சுப் பாக்கறதில்லீங்க."

மாரிமுத்துவின் அந்தத் தகரத்தின் முதுகில், வியாழன் என்பதற்குக் கீழே, 'சோதனை செல்லாது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். இனி எந்தச் சாமி கூப்பிட்டாலும் ஏழில் ஒரு நாள் குறைக்க மாட்டேன். இது உங்களுக்கு நான் செய்து தரும் சத்தியம்.

மேசைகளில் இருந்த பெயிண்டைச் சுரண்டி எடுத்தாகிவிட்டது. புதுத் தகரத்துக்கு ஏழு நாள் முடியும் வரை துணியைத் தரையில் பாய் விரித்து வெட்டுகிறோம்.

உங்கள் தங்கை வீட்டுக்காரன்