எரிந்துபோன குருவிக் கணக்கு

என் அன்பான சவரி அண்ணனுக்கு,

நீ போய் இரண்டு வருஷம் ஆகிறது. உன்னிடம் நேரில் சொல்லத் துணியாததை இன்று ஊரறிய எழுதுகிறேன். நம் மாதா கோயில் பங்குப் பத்திரிகையில் அச்சாகப் போகிறது. நீ படிக்கமாட்டாய் என்ற தைரியத்தில்தான் பேனாவையே எடுத்தேன். அவ்வளவு கோழை உன் தங்கை.

போன வாரம் மீன் வாங்கப் போனேன். கூடைக்காரி பக்கத்திலிருந்தவளிடம், "இது யாரு தெரியுமா? ஜப்பான்காரனுக்குக் கப்பல் எண்ணிக் குடுத்தானே, அவன் தங்கச்சி" என்றாள். சண்டையே முடிந்துவிட்டது, அண்ணா. சாந்தோமில் உன் பேர் மட்டும் இன்னும் அப்படியே கிடக்கிறது.

நீ எண்ணியது குருவி. ஆங்கிலப் பத்திரிகையில் ஒரு துரை கேட்டிருந்தார். வீட்டுத் தோட்டத்துக்கு வரும் பறவைகளை ஞாயிறுதோறும் கால் மணி நேரம் எண்ணுங்கள், ஐந்து வருஷம் சேர்த்து அனுப்புங்கள் என்று. சண்டை வந்ததும் அந்தத் துரையே கப்பலேறிவிட்டார். நீ விடவில்லை. முதல் பூசை முடிந்து வந்ததும் காப்பிகூடக் குடிக்காமல் கிணற்றடியில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவாய்.

உன் கறாரைப் பார்த்து எத்தனை முறை சிரித்திருக்கிறேன்!

"அண்ணா, பூவரசுல குயில் கூவுது. ஒண்ணுன்னு போட்டுக்கோ."

"நீ பாத்தியா?"

"கேட்டேனே!"

"கேட்டதெல்லாம் கணக்கில்ல ஞானம். கண்ணுல படணும்."

இல்லாத ஒரு சிட்டுக்குருவியைக்கூட நீ எழுதியதில்லை. உன் கூடப் பிறந்தவள் என்ன செய்தாள், கேள்.

அந்தச் சித்திரையில், ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று ஊரே மூட்டை கட்டியது. நாம் எங்கும் போகவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, தோட்டத்திலிருந்து கிளம்பிய பருந்து ஒன்று கடல் பக்கம் போயிற்று. நீ மொட்டை மாடிக்கு ஓடி, மூர் மார்க்கெட்டில் வாங்கிய தூரக்கண்ணாடியை அந்தப் பக்கம் திருப்பினாய். எவன் கண்ணில் பட்டதோ, அரை மணியில் போலீஸ் வந்து, கப்பலை வேவு பார்த்தாய் என்று உன்னைக் கூட்டிக்கொண்டு போனது.

நான் உன் நோட்டுகளை எடுத்துப் புரட்டினேன். நான்கு வருஷம், நான்கு நோட்டு. தேதி, நேரம், காற்றடிக்கும் திசை, வரிசையாக எண்கள். மைனா, செம்போத்து என்று பேரெல்லாம் எழுதியிருக்கிறதே என்று தோன்றியது. அதுவே சங்கேதம் என்பார்கள் என்றும் தோன்றியது. வெந்நீர் அடுப்பில் ஒவ்வொன்றாகப் போட்டேன். அட்டைகள் எரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. உன்னைக் காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்து, சிலுவை போட்டு மாதாவுக்கு நன்றிகூடச் சொன்னேன்.

மத்தியானம் ஏட்டு வந்தார். முரட்டு ஆள் இல்லை.

"இன்னாம்மா, உங்க அண்ணன் குருவி எண்றேன்னு சொல்லிக்கினு கீறாரு. நாலு நோட்டு வீட்ல கீதாமே? எடுத்துக் குடு. ஐயா பாத்துட்டு உட்டுருவாரு."

எரித்துவிட்டேன் என்று சொன்னால் என்னையும் பிடித்துப்போவார்களே என்று பயந்தேன். "நோட்டா? அப்படி எதுவும் இல்லீங்க" என்றேன்.

"நல்லா யோசிச்சு சொல்லும்மா."

"இல்லீங்க."

அந்த ஒரு சொல்லில் நீ பொய்யனாகிவிட்டாய். ஏழு மாதம் உள்ளே வைத்திருந்தார்கள். இருமிக்கொண்டே திரும்பி வந்தாய், சளியில் ரத்தம் இருந்தது. நான் இல்லையென்றதை அங்கே யாரும் உன்னிடம் சொல்லவில்லை போலிருக்கிறது. செருப்பைக்கூடக் கழற்றாமல், "நோட்டை அவங்க எடுத்துட்டுப் போயிட்டாங்களா?" என்று கேட்டாய்.

"ஆமாண்ணா" என்றேன்.

"அப்ப படிச்சிருப்பாங்களே. படிச்சுமா நம்பல?"

அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. அதன் பிறகு நீ கிணற்றடியில் நாற்காலி போடவே இல்லை. எவ்வளவு சரியாக எழுதி வைத்தாலும் மனிதர்கள் நம்பமாட்டார்கள் என்று எண்ணிக்கொண்டே கண்ணை மூடினாய். உன்னைக் கொன்றது சிறையா, அந்த நினைப்பா? நினைப்பைக் கொடுத்தவள் நான்.

பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டேன். கடவுள் மன்னிப்பார் என்றார் சாமியார். நீ?

இதைப் பத்திரிகையில் போடவேண்டும் என்று அந்தச் சாமியாரிடமே கேட்டபோது, "பேரைப் போடாம விட்டுடலாமே, நம்ம பள்ளிக்கூடத்துல உன் டீச்சர் வேலை போயிடுமேம்மா" என்றார். போனால் போகட்டும் என்றேன்.

உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். ஞாயிறு பூசை முடிந்து பத்திரிகை கொடுக்கும்போது கோயில் வாசலிலேயே நிற்பேன். கேட்கிறவர்கள் எல்லோரிடமும், அந்தக் கூடைக்காரியிடமும் சொல்வேன்: "எங்கண்ணன் எண்ணினது குருவிதான். நோட்டை எரிச்சவ நான். நோட்டு இருக்கான்னு கேட்டப்ப இல்லைன்னு சொன்னவளும் நான்தான்."

பேரை மறைக்காத,
உன் ஒரே தங்கை
ஞானம்மாள்