குமிஸ் குடிக்கிற மாசம்

பிஷ்கெக், ஜூன் 3

என் செல்லம் புருலுக்கு,

அக்கா எழுதுறேன். மேய்ச்சல் மலையில ஃபோன் கிடைக்காது, அதான் பால் லாரிக்காரர் கையில குடுத்துவிடுறேன். டாக்டரம்மாவைப் பார்த்தேன். உன் ரத்தம் உன்னையே எதிரியா நினைச்சு அங்கங்க உறையுதாம். பிள்ளைங்க வயித்துலயே போனதும் அதனாலதான். கண்ணேறும் இல்ல, சாபமும் இல்ல. இப்ப கிட்னியில அடைச்சிருக்கு, பிரஷரும் அதனாலதான் ஏறுது. ரத்தம் உறையாம இருக்க குடுத்த மாத்திரையை ஒரு நாளும் விடாத. உன் மாமியார் என்ன சொன்னாலும் சரி.

பெர்மெட்

சோங்-கோல் மலை, ஜூன் 20

அக்காவுக்கு,

கோவிச்சுக்காத, மாத்திரையை நிறுத்திட்டேன். குமிஸ் குடிக்கிற மாசத்துல மருந்து சாப்பிட்டா அந்தப் புளிச்ச குதிரைப்பால் உடம்புல ஒட்டாதுன்னு அத்தை வாங்கி வச்சுட்டாங்க. குமிஸே ரத்தத்தைச் சுத்தம் பண்ணிடுமாம். காலைல தலை வெடிக்குது. காலெல்லாம் வீக்கம். "பூசணிக்கா மாதிரி ஆயிட்டே"ன்னு வீட்டுக்காரர் கிண்டல் பண்றார்.

புருல்

பிஷ்கெக், ஜூன் 26

அடி பைத்தியக்காரி,

குமிஸாடி உன் கிட்னியைக் காப்பாத்தும்? வீக்கம்னு சொன்னதும் டாக்டரம்மா முகமே மாறிப்போச்சு. உடனே கீழ வரச் சொல்றாங்க. புது மாத்திரை அனுப்பியிருக்கேன். உன்னை விட்டா எனக்கு யாருடி இருக்கா? கிளம்பி வா.

பெர்மெட்

சோங்-கோல் மலை, ஜூலை 5

அக்கா,

எழுத்து கோணலா இருக்கும், கண்ணு மங்குது. வயிறும் வீங்கிருச்சு. அதைப் பார்த்து நான் உண்டாகியிருக்கேன்னு அத்தை முடிவே கட்டிட்டாங்க! ஆடு வெட்டி எல்லாரையும் கூப்பிட்டாங்க. இத்தனை வருஷம் வாசல் பக்கம் உட்கார்ந்து டீ ஊத்தினவளை, பெரியவங்க உட்கார்ற மேலிடத்துல உட்கார வச்சு, "எந்திரிக்காத ராசாத்தி"ன்னு அத்தையே ஊத்திக் குடுத்தாங்க.

முந்தாநாள் நான் தூரமாயிட்டேன், அக்கா. யார்கிட்டயும் சொல்லல. கீழ வந்தா எல்லாருக்கும் தெரிஞ்சுடும். கொஞ்ச நாள் இப்படியே இருந்துட்டுப் போறேனே.

மாத்திரை வந்துச்சு. பிள்ளைக்கு ஆகாதுன்னு அத்தை அடுப்புல போட்டாங்க. நான் பார்த்துக்கிட்டே இருந்தேன்.

புருல்

பிஷ்கெக், ஜூலை 11

புருலு,

நான் வாயே திறக்க மாட்டேன்டி. பிள்ளைத்தாய்ச்சிக்கு ஆஸ்பத்திரி வேணும்னு அத்தைகிட்ட பொய் சொல்லியே உன்னைக் கூட்டிட்டு வர்றேன். நாளைக்குக் கிளம்புறேன்.

உங்க கூடாரத்துக்குப் பக்கத்துல இன்னொண்ணு போடுறாங்கன்னு லாரிக்காரர் சொன்னார். எதுக்குன்னு கேட்டா தலையைக் குனிஞ்சுக்கிட்டார். நம்ம பக்கம் செத்தவங்களைக் கிடத்தத்தானே தனியாக் கூடாரம் போடுவாங்க? உண்டாகியிருக்கிற வீட்டுல அது எதுக்குடி?

ரெண்டு வரி பதில் போடு.

அக்கா