என் முதுகுக்கு வாங்கிய பை

அன்பு மகளுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் நன்றாக இருக்கிறோம், தையல் கடையும் ஏதோ ஓடிக்கொண்டிருக்கிறது. அங்கே நீயும் மாப்பிள்ளையும் எப்படி என்று கேட்பதுதான் முறை, ஆனால் கேட்க எனக்கு முகமில்லை. உன் வலது கை விரல்கள் மரத்துப் போகிற விஷயம் எனக்குத் தெரிந்துவிட்டது. மாப்பிள்ளைதான் சொன்னார், அதற்காக அவரைப் போட்டு வறுத்தெடுக்காதே. "மாமா, நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதீங்க" என்றுதான் ஆரம்பித்தார், பாவம், நான் எடுத்த எடுப்பிலேயே காட்டிக்கொடுத்துவிட்டேன். கேமராவில் லென்ஸ் மாட்டும்போது அது உன் கையிலிருந்து நழுவியதாம், கீழே மெத்தை இருந்ததால் பிழைத்ததாம். பிசியோதெரபி பார்க்கிற அம்மாள், கேமரா பையின் வார்தான் தோள் நரம்பைப் போட்டு அழுத்துகிறது, இனி இதைத் தொடாதே, இப்படியே விட்டால் கை பழையபடி ஆகாது என்று சொல்லியும், நீ "எங்கப்பா பார்த்துப் பார்த்து வாங்கினது" என்று அதையேதான் தூக்கிக்கொண்டு திரிகிறாயாம். அடுத்த மாதம் மலைப்பாதையில் நடந்து படமெடுக்கப் போகிற வேலைக்கும் அதே பைதானாம். போனில் பேசியிருக்கலாம், ஆனால் நீ "அதெல்லாம் ஒண்ணுமில்லப்பா" என்று ஒரே வார்த்தையில் வாயை அடைத்துவிடுவாய், நானும் அசடு மாதிரி சரி என்று வைத்துவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன்.

அந்தப் பையை நான் எப்படி வாங்கினேன் என்று உனக்கு முழுசாகத் தெரியாது. ஆன்லைனில் வாங்கிக்கொள்கிறேன் என்று நீ சொன்னபோது நான்தான் குறுக்கே விழுந்தேன், தையலைத் தொட்டுப் பார்க்காமல் பை வாங்குவார்களா என்று பெரிய மேதாவி மாதிரி கேட்டேன். பெரிய ஃபிலிம் போடுகிற உன் மீடியம் ஃபார்மட் கேமரா செங்கல் கனம், லென்ஸ் ஒவ்வொன்றும் தண்ணீர் நிறைத்த பாட்டில் கனம் என்று நீ சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டு, கடையிலிருந்து இஸ்திரிப் பெட்டியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டேன், கூடவே நாலு பாட்டில் தண்ணீர், ட்ரைபாடுக்குப் பதிலாகத் துணி அளக்கிற இரும்புக் கோல். பைக் கடைக்காரர் பார்த்துவிட்டு "சார் மலையேறப் போறீங்களா, துணி தேய்க்கப் போறீங்களா" என்று சிரித்தார். சிரிக்கட்டும் என்று ஒவ்வொரு பையிலும் அதையெல்லாம் அடைத்து மாட்டிக்கொண்டு அவர் கடைப் படிக்கட்டில் ஏறி இறங்கினேன். ஒன்று ஜிப் மட்டம், ஒன்றில் உள்ளே ஃபோம் மெலிசு, ஒன்று பார்த்தவுடனே கேமரா பை என்று திருடனுக்கு விளம்பரம் செய்கிற மாதிரி இருந்தது. கடைசியில் சிக்கியதுதான் இது. முதுகுப் பக்கமாகத் திறக்கிறது, மழைக்கு உறை, இடுப்புப் பட்டை போட்டதும் பாரம் தோளை விட்டு இறங்கி இடுப்பில் போய் உட்கார்ந்துவிட்டது, எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். அதில் இரண்டு அளவு இருந்தது. ஆள் உயரமா குட்டையா என்று கடைக்காரர் கேட்டார். நான் கொஞ்சம்கூட யோசிக்காமல், "என் பொண்ணுதாங்க, என்னை மாதிரிதான்" என்றேன்.

என்னை மாதிரியா நீ! உங்கள் அம்மா வீட்டு உயரம், என்னை விட ஒரு தலை உயரம், வாசல் நிலையில் குனிந்து வருகிற பெண். கல்லூரிக்குப் போனதிலிருந்து ரெடிமேட் போடுகிறாய், அப்புறம் என் டேப் உன் மேல் பட்டதே இல்லை, என் மனசில் நீ என் தோளுக்குக் கீழேயே நின்றுவிட்டாய். அதோடு விட்டேனா? வீட்டுக்குக் கொண்டுவந்து, வார் நுனியெல்லாம் தொங்குகிறதே, ரயில் கதவில் சிக்கிக்கொண்டால் என்ன ஆவது என்று, நானே மாட்டிப் பார்த்து என் அளவுக்கு இழுத்து, மிச்சத்தைக் கத்தரித்து, நுனியைத் தீயில் காட்டி மடித்துத் தையல் அடித்தேன். இனி யார் நினைத்தாலும் அதை நீட்ட முடியாது. உனக்கு அந்த இடுப்புப் பட்டை விலாவில்தான் போய் நிற்கும், பாரம் முழுக்கத் தோளில் தொங்கும், இது மாப்பிள்ளை சொன்ன நிமிஷமே எனக்கு விளங்கிவிட்டது. அம்மாவிடம் சொன்னேன். ஆறுதலாக ஏதாவது சொல்வாள் என்று பார்த்தால், "ஊர்ல இருக்கிறவன் முதுகையெல்லாம் அளக்கத் தெரியுது, பெத்த பொண்ணு முதுகு தெரியலையா" என்று ஒரு போடு போட்டாள். அன்றைக்கு ஒரு கால்சட்டையை இரண்டு முறை பிரித்துத் தைத்தேன்.

பள்ளிக்கூடம் திறக்கப் போவதால் சீருடைத் துணி கடையில் மலை மாதிரி குவிந்திருக்கிறது, மிஷின் மோட்டார் வேறு இரைகிறது. அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, ஆனால் மாடிக்குத் துணி காயப்போட ஏறாதே என்றால் கேட்பதில்லை. இத்தனை வேலையையும் போட்டுவிட்டு உன் பைக்கு நீளமாகப் புது வார் தைத்தேன், உள்ளே ஃபோம் வைத்து, இரட்டைத் தையல் போட்டு, அழகாகத்தான் வந்தது. பார்சல் கட்டிக்கொண்டிருந்தபோது அம்மா வந்து நின்றாள். "இதை அனுப்பினா அவ திரும்பவும் அதையேதான் மாட்டுவா, உங்க மனசு நோகக் கூடாதுன்னு" என்றாள். உண்மைதானே. வாரை எவ்வளவு நீட்டினாலும் பையின் முதுகு குட்டை, அது ஒரு நாளும் உன் இடுப்புக்கு இறங்காது. அது எனக்கும் தெரியும், தெரிந்தேதான் தைத்திருக்கிறேன், உன் முதுகுக்காக இல்லை, என் உறுத்தல் அடங்குவதற்காக. பார்சலைப் பிரித்துவிட்டேன். எதுவும் அனுப்பவில்லை.

அதனால் அப்பா சொல்கிறதைக் கேள். இந்த வாரமே ஒரு நல்ல கடைக்குப் போ. வெறும் பையை மாட்டிப் பார்த்து ஏமாறாதே, உன் கேமரா, லென்ஸ், ஃபிலிம், ட்ரைபாட் எல்லாவற்றையும் எடுத்துப் போய் உள்ளே வைத்து மாட்டு. பிடரியில் துருத்துகிற எலும்பிலிருந்து இடுப்பெலும்பு மேடு வரைக்கும் மாப்பிள்ளையை அளக்கச் சொல், அந்த அளவுக்குப் பை கேள். முதலில் இடுப்புப் பட்டையைக் கட்டு, அப்புறம்தான் தோள் வார், தோளுக்கும் வாருக்கும் நடுவே உன் விரல் தாராளமாக நுழைய வேண்டும். கனமானதை முதுகை ஒட்டி வை. கடைக்குள்ளேயே கொஞ்ச நேரம் நட, விற்கிறவர் முகத்தைச் சுளித்தால் சுளிக்கட்டும். கை சரியாகும் வரை மலைக்குப் போகாதே, கட்டாயம் போயே ஆக வேண்டுமென்றால் பாதியை வேறு யாராவது தூக்கட்டும், வெட்கப்படாதே. நான் வாங்கியதைத் தூக்கி எறி, இல்லை யாராவது குட்டையான ஆளுக்குக் கொடு, எனக்கு ஒரு துளி வருத்தமும் இருக்காது.

ஒன்றுதான் என்னைத் தூங்கவிடவில்லை. பை வந்து சேர்ந்த அன்றைக்கு "கச்சிதமா இருக்குப்பா" என்று சொன்னாயே, அதைத் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இத்தனை வருஷம் கடை வைத்திருக்கிறேன், எனக்குத் தெரியாதா கண்ணு, அக்குள் பிடிக்கிறது, கழுத்து இறங்கிவிட்டது என்று சண்டை போடுகிறவர்கள்தான் திரும்பத் திரும்ப வருவார்கள். நன்றாக இருக்கிறது என்று சிரித்துவிட்டுப் போகிறவர்கள் அப்புறம் நம் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார்கள். நீ என்னிடம் அப்படிச் சிரித்துவிட்டுப் போகாதே அம்மா.

உன் கை சீக்கிரம் குணமாகி, நீ நினைத்த படமெல்லாம் எடுத்து, நீங்கள் இருவரும் நிறைவாக வாழ வேண்டும். மாப்பிள்ளைக்கு எங்கள் அன்பைச் சொல். கடிதம் கிடைத்ததும் போன் பண்ணு, அம்மா எடுத்தால் என்னிடம் கொடுக்கச் சொல். எடுத்தவுடன் நல்லா இருக்கேன்ப்பா என்று ஆரம்பிக்காதே. எங்கே வலிக்கிறது என்று ஆரம்பி.

உன் முதுகை அளக்காமல் விட்ட
அப்பா